முப்பத்தேழாம் சைஸ் கால்

ஆம்பூர் பக்கத்துல அந்த ஷூ கம்பெனில ஆயிரத்து இருநூறு பேர் வேல செய்றாங்க. எல்லாரும் கையால சம்பாதிக்கிறவங்க. காலால சம்பாதிக்கிறவ பூவம்மா ஒருத்திதான்.

மாதனூர்ல இருந்து கம்பெனி பஸ்ஸுல வர்றவ. வயசு அம்பது. சேம்பிள் ரூம்ல பசை தடவுற வேல. ஆனா புதுசா ஒரு மாடல் வந்துச்சுன்னா, மொத ஷூ ஏறுறது அவ வலது கால்லதான். அந்த கம்பெனி செய்றது எல்லாம் வெளிநாட்டு பொம்பளைங்களுக்குப் போற ஷூ. அவங்களுக்கு சேம்பிள் சைஸு முப்பத்தேழு. பதினெட்டு வருஷம் முன்னாடி அளவு பாக்க ஆள் தேடினப்ப, நூத்தி நாப்பது பொம்பளைங்கள வரிசையா உக்கார வெச்சு டேப்பு புடிச்சாங்க. நீளம் எரநூத்தி முப்பத்தஞ்சு மில்லி இருக்கணும். விரல் முட்டு கிட்ட சுத்தளவு எரநூத்தி இருபத்தொண்ணு இருக்கணும். நீளம் சரியா இருந்தா சுத்தளவு ஒதைக்கும், சுத்தளவு சரியா இருந்தா நீளம் ஒதைக்கும். ரெண்டும் அச்சா இருந்தது பூவம்மா கால் ஒண்ணுதான்.

அன்னியிலேர்ந்து அவ பேரே முப்பத்தேழு ஆயிடுச்சு. பஸ் டிரைவர் ராஜேஷ் கூட கண்ணாடில பாத்து, "முப்பத்தேழு ஏறியாச்சா, வுடலாமா"ன்னுதான் கேப்பான்.

அவளும் அந்த கால அப்படி வெச்சிருந்தா. மாட்டுக் கொட்டாய்ல சாணி அள்ளும்போது கூட ரப்பர் பூட்டு போட்டுக்குவா. வீட்டுக்காரரு துரைசாமி கிண்டல் பண்ணுவாரு. "இன்னாமே, கலெக்டர் மாடு கறக்க வந்துட்டாங்க போலக்குது." அவளும் விடமாட்டா. "இந்த கால் போட்ட ஷூ எந்தெந்த நாட்ல நடக்குது தெரியுமாய்யா? நீ வாணியம்பாடி தாண்டி போனதில்ல."

சேம்பிள் ரூம் இன்சார்ஜ் ஜியாவுல்லா. கறாரான மனுஷன், யாரையும் லேசுல நம்பமாட்டாரு. ஆனா பூவம்மா கால மட்டும் நம்புவாரு. அவ ஷூவ மாட்டிக்கினு கண்ண மூடி இருபது அடி நடப்பா. "இங்க புடிக்குது, இங்க லூசு"ன்னு சொல்லுவா. அவரு எழுதிக்குவாரு. அவ சொன்னது தப்பாப் போனதே கெடையாது. அதனால அப்புறம் அவ கால்ல டேப்பு புடிக்கவே இல்ல.

பொங்கல் கழிஞ்ச மூணாம் வாரம் அந்த கால்ல வந்துச்சு வெனை.

சாய்ங்காலம் பால் கறந்துட்டு எழுந்தா, வலது கட்டவிரல் முட்டுல நெருப்பு வெச்ச மாதிரி இருந்துச்சு. பாத்தா தக்காளி மாதிரி செவந்து கெடக்குது. ஈ உக்காந்தா கூட உயிர் போவுது. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு, மூணாம் நாள் நொண்டிக்கினே பஸ் ஏறினா. பஸ்ஸுல இருந்த பொம்பளைங்க எல்லாரும் டாக்டர் ஆயிட்டாங்க.

"இது வாதம்க்கா. பால் தொடாத."

"தயிர் குளிர்ச்சி, அதையும் நிறுத்து."

"மோர் குடிச்சா இன்னும் ஏறும். எங்க மாமியாருக்கு அப்படித்தான் முட்டி போச்சு."

வீட்ல ரெண்டு மாடு. அவளே கறந்து சொசைட்டிக்கு ஊத்துற பாலு. அன்னிக்கே அதுல ஒரு சொட்டு தொடுறதில்லன்னு நிறுத்திட்டா. பால் டீ போயி கட்டஞ்சாயா வந்துச்சு. மத்தியானம் மோர் சோறு போயி ரசம், தொட்டுக்க நெத்திலி கருவாடு.

இன்னொரு பக்கம் அக்தர் பானு. சேம்பிள் ரூம்ல தையல் மிஷின்ல இருக்கிறவ, பூவம்மாவுக்கு இருபது வருஷத்து தோஸ்த். அவ சொன்னா, "பூவு, காலுக்கு காலுதான் மருந்து. எங்க வீட்ல யாருக்கு கால் வலின்னாலும் பாயாதான். ஆட்டுக்கால வெடிய வெடிய கொதிக்க வெச்சு எறக்குனா எலும்புல இருக்கிற சத்து பூரா தண்ணில வந்துடும். நான் கொண்டாறேன்." சொன்னது மட்டுமில்ல. தெனம் காலையில ஒரு பிளாஸ்க் நெறைய கொண்டாந்து, இவ கடைசி சொட்டு குடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னா.

ஒரு வாரத்துல வலி கம்மியாச்சு. "பாத்தியா, பாயா வேல செய்யுது"ன்னா பானு. பூவம்மாவும் நம்பிட்டா.

அந்த வாரந்தான் லோஃபர்னு லேஸ் இல்லாத புது ஷூ ஒண்ணு டிரையலுக்கு வந்துச்சு. பெரிய ஆர்டர், பதினாலாயிரம் ஜோடி. பூவம்மா தன் கால் விஷயத்த ஜியாவுல்லா கிட்ட சொல்லல. ரெண்டு நாள் காய்ச்சல்னுதான் லீவ் எழுதியிருந்தா. மூணாவது லைன்ல தூபான்னு ஒரு பொண்ணு, அவளுக்கும் முப்பத்தேழுதான்னு பேச்சு அடிபட்டுக்கினு இருந்துச்சு. வலிதான் இல்லையே, எதுக்கு வாயத் தொறக்கணும்னு இருந்துட்டா.

மாட்டினா. நடந்தா. "முட்டு கிட்ட புடிக்குது சார்."

ஜியாவுல்லா அத அப்படியே எழுதிக்கினாரு. ஷூ செய்றதுக்கு கால் மாதிரியே ஒரு பிளாஸ்டிக் கட்டை இருக்கும், லாஸ்ட்னு சொல்லுவாங்க. அந்த லாஸ்டுல முட்டு வர்ற எடத்துல மெல்லிசா தோல் துண்டு ஒட்டி, தேச்சு, நாலு மில்லி சுத்தளவு ஏத்தினாரு. அது மேல திரும்ப ஒரு ஷூ செஞ்சாங்க. பூவம்மா மாட்டிப் பாத்துட்டு, "இப்ப சரி சார்"னா. அந்த சேம்பிள் அப்படியே பையருக்கு, அதான் ஆர்டர் குடுத்த வெளிநாட்டு கம்பெனிக்கு, கூரியர்ல போச்சு. அடுத்த மாசம் இருபதாந்தேதி பையரோட டெக்னீஷியன் அம்மா நேர்ல வந்து கடைசியா பாத்துட்டு போனா, அந்த அளவுக்கே லாஸ்ட் எல்லாம் அடிச்சு ஆர்டர் ஓட ஆரம்பிச்சிடும்.

பத்து நாள் கழிச்சு வலி திரும்ப வந்துச்சு. மொத தடவ வந்தது வெளையாட்டு. இந்த தபா பாதம் பூரா வீங்கி, கால தரையில வெக்க முடியல. துரைசாமி மொபெட்ல உக்கார வெச்சு ஆம்பூர்ல ஒரு டாக்டரம்மா கிட்ட இட்டுக்கினு போனாரு. ஹஃப்ஸான்னு பேரு, சின்ன வயசு, ஆனா நிதானம். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு கேட்டாங்க.

"சாப்பாடு இன்னாம்மா சாப்பிடறீங்க?"

"பத்தியமா இருக்கேங்க டாக்டர். பால் இல்ல, தயிர் இல்ல, மோர் இல்ல. கருவாடு போட்டு கொஞ்சம் சோறு. காலையில ஆட்டுக்கால் சூப்பு. அவ்ளோதான்."

டாக்டரம்மா பேனாவ கீழ வெச்சிட்டாங்க.

"எத விடணுமோ அத சாப்பிட்டிருக்கீங்க. எத சாப்பிடலாமோ அத விட்டிருக்கீங்க."

துரைசாமிக்கு சிரிப்பு வந்துடுச்சு. பூவம்மா மொறைச்சதும் அடக்கிக்கினாரு.

டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. "இதுக்கு கவுட்னு பேரு. ரத்தத்துல யூரிக் ஆசிட்னு ஒண்ணு ஜாஸ்தியாயிடுச்சு. அது பொடிப்பொடியா ஊசி மாதிரி மூட்டுல போயி உக்காருது. ஆட்டுக்கால், ஈரல், கருவாடு, இதெல்லாம் அத ஏத்தும். பால், தயிரு ஏத்தாது. ஆடை எடுத்த பாலும் மோரும் அத கொஞ்சம் கொறைக்கக்கூட உதவும்."

"மோர் குளிர்ச்சின்றாங்களே டாக்டர்?"

"யாரு?"

"பஸ்ஸுல."

"பஸ்ஸுக்கு நான் எழுதித் தர்றேன். மாத்திர வுடாம சாப்பிடுங்க. வெறும் மோர் குடிச்சா மட்டும் இது போவாது. தண்ணி நெறைய குடிங்க."

துரைசாமி நடுவுல பூந்து, "பன்னீரு, அந்த பீசா கடையில போடுற சீஸு, அதெல்லாம்?"னாரு. அவருக்கு அந்த கவலை.

"ஆடை எடுத்த பால்ல செஞ்ச பன்னீரு தாராளமா சாப்பிடலாம். சீஸும் சாப்பிடலாம், ஆனா அளவா. அதுல உப்பும் கொழுப்பும் ஜாஸ்தி. ஒரு வெரல் அளவுக்கு மேல வேணாம்."

எழுந்து வரும்போதுதான் டாக்டரம்மா சாதாரணமா ஒண்ணு சொன்னாங்க. "வலி போயிடுச்சேன்னு நெனைக்காதீங்கம்மா. வலி போனாலும் வீக்கம் முழுசா வத்த இன்னும் ரெண்டு மூணு வாரம் ஆவும்."

பூவம்மா வாசப்படியிலயே நின்னுட்டா.

மொபெட்ல வரும்போது விரல் விட்டு எண்ணினா. வலி வந்தது ஒரு செவ்வாய். டிரையல் பாத்தது அதுக்கு ஒம்போதாவது நாள். அன்னிக்கு புடிச்சது ஷூ இல்ல. வீங்கியிருந்தது அவ காலு. அத நம்பி லாஸ்டுக்கு தோல் ஒட்டியாச்சு. பதினாலாயிரம் ஜோடி, எல்லாம் லூசா போவும். வாங்குற பொம்பளைங்க ரெண்டு நாள் நடந்துட்டு திருப்பி அனுப்புவாங்க.

"இன்னாமே, பேசாம வர?"ன்னாரு துரைசாமி.

"என் கால் பொய் சொல்லிடுச்சுய்யா."

அவருக்குப் புரியல. வீட்டுக்கு வந்து சொன்னப்புறம் புரிஞ்சுது. "சொன்னா அந்த தூபா காலதான் வெப்பாங்க"ன்னாரு.

"வெக்கட்டும். சொல்லாம இருந்தா இது கால் இல்ல, வெறும் கட்டை."

நாலு நாள் கழிச்சு வேலைக்குப் போனதும் நேரா ஜியாவுல்லா டேபிளுக்குத்தான் போனா. சுத்தி எல்லாரும் இருந்தாங்க. தனியா பேசலாம்னு அவ கேக்கல. தப்பா சொன்னது எல்லார் முன்னாடியுந்தான, திருத்தி சொல்றதும் அப்படியே இருக்கட்டும்னு நெனைச்சா.

"சார், அந்த லோஃபர் டிரையல் தப்பு. எனக்கு கவுட்னு வியாதி. அன்னிக்கு கால் வீங்கியிருந்துச்சு, எனக்கே தெரியல. தோல் ஒட்டுனத பிச்சிடுங்க. மொத செஞ்ச அளவுதான் சரியா இருக்கும்."

மிஷின் எல்லாம் நின்னுபோச்சு. ஜியாவுல்லா கண்ணாடிய கழட்டித் தொடச்சாரு. அப்புறம் எழுந்து டேப்பு எடுத்துக்கினு வந்து, அவ கால் முன்னாடி குத்துக்கால் போட்டு உக்காந்தாரு. பதினெட்டு வருஷத்துல ரெண்டாவது தடவ அந்த கால்ல டேப்பு. சுத்தளவு எரநூத்தி இருபத்தொம்போது.

"தப்பு உன்னுது மட்டும் இல்லமா,"ன்னாரு மெதுவா. "நானும் டேப்பு வெச்சிருக்கணும். உன் வாய கேட்டுட்டு அளவ கேக்காம வுட்டேன். ஓனர் கிட்ட நான் பேசிக்கிறேன். லாஸ்ட் இன்னும் அடிக்கல, அந்த வரைக்கும் தப்பிச்சோம்."

"சரி சார்."

"ஆனா இருபதாந்தேதி டெக்னீஷியன் அம்மா வருது. அன்னிக்கு டேப்பு எரநூத்தி இருபத்தொண்ணு காட்டணும். ஒரு மில்லி முன்ன பின்ன இருக்கலாம். அதுக்கு மேல போனா தூபா கால வெக்கிறத தவிர எனக்கு வேற வழி இல்ல."

இருபதுக்கு இன்னும் இருபத்து நாலு நாள் இருந்துச்சு.

மத்தியானம் சாப்பிடும்போது பானு பிளாஸ்க்க நீட்டினா. பூவம்மா வாங்கல. டாக்டரம்மா சொன்னத அப்படியே சொன்னா.

பானு கையில பிளாஸ்க்க வெச்சிக்கினே கேட்டா, "அப்ப உன் கால வீங்க வெச்சது நான்தான்ற."

"ஆமா,"ன்னா பூவம்மா. சுத்தி வளைச்சு பேச அவளுக்கு வராது.

"பதினஞ்சு நாளு. நாலு மணிக்கு எழுந்து கால் சுட்டு, மயிர் சொரண்டி, கழுவி..."

"அதான் சொல்றேன். அவ்ளோ நல்லா செஞ்ச. அதான் இவ்ளோ வீங்குச்சு."

பானு சிரிக்கல. எழுந்து போய்ட்டா. ரெண்டு நாள் பேச்சே இல்ல. மூணாம் நாள் ஒரு டப்பாவ பூவம்மா முன்னாடி டொக்குன்னு வெச்சா. தொறந்தா பன்னீரு. பச்ச மொளகா, கொத்தமல்லி போட்டு வதக்கினது.

"ஆடை எடுத்த பாலு. எலுமிச்சம்பழம் புழிஞ்சு நானே திரிச்சது. எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு, ஆம்பூர்ல பொறந்துட்டு இன்னா இது பத்தியக்கார சாப்பாடுன்னு. கம்முனு துன்னு."

பூவம்மா ஒரு துண்டு வாயில போட்டா. ரப்பர் மாதிரி இருந்துச்சு. "நல்லாக்குது பானு."

"பொய் சொல்லாத. பொய் சொன்னது போதும்."

அப்பதான் ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

அன்னியிலேர்ந்து பூவம்மா அதுல ஒரு வெறியாவே இறங்கிட்டா. சொசைட்டிக்கு ஊத்துற பால்ல ஒண்ணரை லிட்டர் வீட்டுக்கு நிறுத்தினா. காய்ச்சி, ஆற வெச்சு, மேல கட்டுற ஆடைய கரண்டியால அலுங்காம எடுத்துடுவா. திரும்ப காய்ச்சி திரும்ப எடுப்பா. அப்புறந்தான் ஒறை ஊத்துவா. மறுநாள் சிலுப்பி, வெண்ணெய் ஒண்ணு ரெண்டு மெதந்தா அதையும் வழிச்சிடுவா. எடுத்த ஆடையெல்லாம் சக்கர போட்டு துரைசாமிதான் சாப்பிட்டாரு. பத்து நாள்ல அவரு பேன்ட் பட்டன் போட முடியல. "ஒனக்கு பத்தியம், எனக்கு தண்டனை"ன்னாரு. ஆனா கிண்ணத்த நவுத்தல.

பஸ்ஸுல ஒரு பாட்டில் மோரோட ஏறுவா. மொத நாளு பின் சீட்டுல இருந்து சத்தம். "அய்யய்ய, வாதக்காரி மோர் குடிக்கிறா பாருங்கடி. நாளைக்கு ஸ்டெச்சர்லதான் வருவா."

பூவம்மா திரும்பிப் பாத்து நிதானமா சொன்னா. "நீங்க சொன்னத கேட்டுத்தான்டி ஸ்டெச்சர் வரைக்கும் போனேன். இப்ப படிச்சவங்க சொல்றத கேக்குறேன். நடக்குறனா இல்லையான்னு மாசக் கடைசில பாருங்க."

சனிக்கிழமைக்கு சனிக்கிழமை ஜியாவுல்லா டேப்பு புடிச்சாரு. மொத சனி எரநூத்தி இருபத்தாறு. அடுத்த சனியும் அதே இருபத்தாறு. அன்னிக்கு பூவம்மாவுக்கு சோறு எறங்கல. தூபாவ சேம்பிள் ரூமுக்கு கூப்ட்டு அளவு எடுத்தாங்க, அவ கண்ணு முன்னாடியே. எரநூத்தி இருபது. நல்ல காலு. பூவம்மாவே மனசுல ஒத்துக்கினா. அந்த பொண்ணு சங்கடமா பாத்துட்டு, "அக்கா, உங்களுக்கு சரியாயிடும்"னு சொல்லிட்டுப் போனா.

மாத்திர, தண்ணி, மோரு. வேற எதையும் யோசிக்கல. மூணாவது சனி எரநூத்தி இருபத்திமூணு.

இருபதாந்தேதி டெக்னீஷியன் அம்மா வந்தாங்க. நெட்டையா, நரைச்ச முடி. சேம்பிள் ரூம்ல எல்லாருக்கும் கை குடுத்தாங்க. டீ நேரத்துல பையில இருந்து காகிதம் சுத்துன ஒரு மஞ்சக் கட்டிய எடுத்தாங்க. அவங்க ஊரு சீஸு. கத்தியால வெட்டி தட்டுல வெச்சாங்க. ரூம் பூரா ஒரு மாதிரி புளிச்ச வாசன.

ஜியாவுல்லா மொதல்ல இங்கிலீஷ்ல ஏதோ கேட்டாரு. பதில் வந்ததும் பானு பக்கம் திரும்பி, "பால திரிக்க மாட்டு குடல்ல இருந்து எடுக்கிறது எதுவும் போடலையாம், செடில இருந்து எடுத்ததாம். ஹலாலுக்கு பாதகமில்ல, சாப்பிடலாம்"னாரு. அப்புறந்தான் பானு கை நீட்டினா.

பூவம்மாவும் ஒரு துண்டு எடுத்தா. உடனே பானு அத புடுங்கி, விரல் அளவுக்கு ஒடிச்சு குடுத்துட்டு, மிச்சத்த தன் வாயில போட்டுக்கினா. "உப்பு ஜாஸ்தி. இதான் ஒன் பங்கு."

டெக்னீஷியன் அம்மா இன்னான்னு கேட்டாங்க. ஜியாவுல்லா வெவரம் சொன்னாரு. அந்தம்மா புருவத்த தூக்கி, "எங்க ஊர்ல கவுட் வந்தா சீஸே தொடக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்களே"ன்னாங்களாம்.

பூவம்மா முதுக நிமித்திக்கினா. "சார், அவங்க கிட்ட சொல்லுங்க. அங்கயும் பஸ்ஸுல கேட்டு வைத்தியம் பாக்குறாங்க போல. சீஸு கெடையாது அந்த வியாதிக்கு காரணம். ஆட்டுக்காலு, ஈரலு, கருவாடு, அதுதான் வேணாம். ஆடை எடுத்த பாலும் மோரும் தெனமும் குடிக்கலாம். சீஸு ஒரு வெரல். நான் சோதிச்சு பாத்துட்டேன்னு சொல்லுங்க."

ஜியாவுல்லா சொன்னாரு. சீஸ் ஊர்ல இருந்து வந்த அந்த அம்மா நோட்டு எடுத்து எழுதிக்கினாங்க. பூவம்மா அந்த ஒரு வெரல் சீஸ பொறுமையா மென்னு முழுங்கினா.

அப்புறம் டேப்பு. இந்த தபா டெக்னீஷியன் அம்மாவே கீழ உக்காந்து புடிச்சாங்க. ரூம்ல ஒருத்தரும் மிஷின் ஓட்டல. பானு பல்ல கடிச்சிக்கினு நின்னா.

எரநூத்தி இருபத்திரெண்டு.

"ஒரு மில்லி ஜாஸ்தி,"ன்னாரு ஜியாவுல்லா. "ஓகேதான்."

"மணி நாலாவுது சார். இந்நேரத்துக்கு எல்லார் காலும் ஒரு மில்லி ஏறும். காலையில வீட்லயே பாத்தேன், இருபத்தொண்ணு." அத அவரு மொழிபெயர்க்க, டெக்னீஷியன் அம்மா ஆமாம்னு தலையாட்டினாங்க.

தோல் பிச்சு எடுத்த பழைய லாஸ்டுல புதுசா செஞ்ச லோஃபர கொண்டாந்தாங்க. பூவம்மா மாட்டினா. கண்ண மூடினா. இருபது அடி நடந்தா, திரும்பினா, இருபது அடி வந்தா.

"முட்டு கிட்ட சரியாக்குது சார்."

ஜியாவுல்லா மூச்சு விட்டாரு. டெக்னீஷியன் அம்மா கட்டவிரல அமுக்கிப் பாத்துட்டு திருப்தியா எழுந்தாங்க. பேப்பர்ல கையெழுத்து போட பேனா எடுத்தாங்க.

"ஆனா சார்,"ன்னா பூவம்மா.

ரூம்ல எல்லாரும் அவளப் பாத்தாங்க. பானு கண்ணாலயே வேணாம்மே, வேணாம்னா. ஒரு தடவ தப்பா சொன்னவ. வாய மூடிக்கினு இருந்தா இன்னிக்கோட எல்லாம் முடிஞ்சுது. அது பூவம்மாவுக்கும் தெரியும்.

"குதிங்கால் தூக்குது. நடக்கும்போது மேல ஏறி எறங்குது. ரெண்டு மில்லி இருக்கும்."

ஜியாவுல்லா எழுந்து வந்தாரு. இந்த தபா டேப்ப கையில எடுத்துக்கினுதான் சொன்னாரு டெக்னீஷியன் அம்மா கிட்ட. அந்தம்மா நம்பாம, திரும்ப கீழ உக்காந்து, குதிங்கால் பக்கம் விரல விட்டு, பூவம்மாவ நடக்கச் சொல்லி, கூடவே குனிஞ்சு நடந்து பாத்தாங்க. அப்புறம் ஷூவ வாங்கி பின்பக்க ஒயரத்த டேப்புல அளந்தாங்க. பேப்பர்ல போட்டிருந்தது அம்பத்தஞ்சு. ஷூவுல இருந்தது அம்பத்தேழு. பின்பக்க அட்டைய யாரோ ரெண்டு மில்லி ஒசத்தி வெட்டியிருந்தாங்க.

டெக்னீஷியன் அம்மா பேனாவ மூடிட்டாங்க. பூவம்மாவப் பாத்து ஏதோ சொன்னாங்க.

"இன்னா சார் சொல்றாங்க?"

"முப்பத்தேழுக்கு அடுத்த டிரையல் எப்பன்னு கேக்குறாங்க. அதுக்கும் நீதான் இருக்கணுமாம்." ஜியாவுல்லா மறுபடி கண்ணாடிய கழட்டித் தொடச்சாரு. அப்புறம் நோட்ட தொறந்து, குதிங்கால் ரெண்டு மில்லி எறக்கணும்னு எழுதிட்டுக் கேட்டாரு, "வேற இன்னாமா இருக்குது?"

"இருங்க சார்,"ன்னா பூவம்மா. "இன்னொரு தபா நடந்து பாத்துட்டு சொல்றேன்."

ஷூவ வாங்கி மாட்டிக்கினு, கண்ண மூடி நடக்க ஆரம்பிச்சா. ரூம்ல இருந்த எல்லாரும் அந்த இருபது அடிக்கும் வழி விட்டு ஒதுங்கி நின்னாங்க.